நன்றி சொல்லாத சிறுவன்

குழந்தையின் கையில் யாரேனும் ஒரு மிட்டாயைக் கொடுத்தால், அருகிலிருக்கும் நாம் முந்திக்கொண்டு, “நன்றி சொல்” என்று பணிக்கிறோம். குழந்தையும் சொல்லிவிடுகிறது. சிறுவர்க்கான படநூல்கள் பலவும் இவ்வழியிலேயே செல்கின்றன. பக்கத்திற்கு ஒரு கொடையாகக் கதிரவன், மழை, அன்னை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு நன்றி. இதில் தவறில்லை. ஆயினும், குழந்தை தானே கண்டுகொள்வதற்கு அங்கே எதுவும் எஞ்சுவதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஷெல் சில்வர்ஸ்டைன் தாமே எழுதிப் படமும் வரைந்து 1964இல் வெளியிட்ட ‘த கிவிங் ட்ரீ’ என்னும் நூல் வேறு வகையானது. மரம் ஒன்று சிறுவன் ஒருவனை நேசிக்கிறது. அவன் அதன் நிழலில் விளையாடுகிறான். வளர்ந்தபின் பணம் வேண்டி வருகிறான். மரம் கனிகளைத் தருகிறது. வீட்டிற்காகக் கிளைகளையும், படகிற்காக அடிமரத்தையும் தருகிறது. இறுதியில் தளர்ந்த முதியவனாய் வருபவனுக்கு, எஞ்சிய அடிக்கட்டையை இருக்கையாக்குகிறது. நூல் முழுவதிலும் அவன் ஒருமுறைகூட நன்றி கூறவில்லை. முதுமையிலும் மரத்துக்கு அவன் சிறுவனே.

கதையில் இல்லாத அந்தச் சொல்லே இந்நூலின் வலிமை என்போம். மரம் குறைந்துகொண்டே போவதைக் கோட்டோவியங்கள் காட்டுகின்றன. சிறுவன் காணாததைப் படிக்கும் குழந்தை காண்கிறது. “அவன் ஏன் எதுவும் சொல்லவில்லை?” என்று குழந்தை கேட்குமானால், அந்தக் கேள்வியிலேயே நன்றியுணர்வு அரும்பிவிட்டது. வள்ளுவர் தம் பதினோராம் அதிகாரத்திற்கு ‘செய்ந்நன்றி அறிதல்’ என்றே பெயரிட்டார். அறிதல் முதலில், சொல்லுதல் அதன்பின். லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்திலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். நலமடைந்த தொழுநோயாளர் பதின்மர். தாம் நலமடைந்ததைக் கண்டு திரும்பி வந்தவர் ஒருவர், அவரும் சமாரியர். ஒன்பதின்மரும் நலம் பெற்றனர். ஆனால் கொடையோடு நின்றுவிட்டனர், கொடுத்தவரிடம் திரும்பவில்லை.

எனினும் இந்நூலில் நமக்கொரு மனக்குறை உண்டு. அடிமரத்தைக் கொடுத்த வேளையில் மட்டுமே மரத்தின் மகிழ்ச்சியை ஆசிரியர் சற்று ஐயுறுகிறார். மற்ற வேளைகளிலெல்லாம் அது மகிழ்ந்தது என்றே முடிக்கிறார். ஆங்கில மூலத்தில் மரம் பெண்பாலாகவே சுட்டப்படுகிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் அன்னையரைக் கொண்ட நம் இல்லங்களில், இக்கதையைத் தாயின் தியாகத்துக்குப் பாராட்டாக மட்டும் படித்து மூடிவிடுவது எளிது. அப்படிப் படித்தால், அம்மா கொடுத்துக்கொண்டே இருப்பாள், அதுவே அவளுக்கு மகிழ்ச்சி என்ற பாடமே குழந்தையின் மனத்தில் தங்கும். அது நன்றியறிதலுக்கு நேர்மாறானது.

ஆகவே, இந்நூலைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நாம் அகன்றுவிடலாகாது. உடனிருந்து படிப்போம், நீதியை அவசரப்பட்டு உரைக்காதிருப்போம். கடைசிப் பக்கத்தில் சற்று நிறுத்தி, “மரத்துக்கு வலித்திருக்குமா?” என்று மட்டும் கேட்போம். விடையைக் குழந்தையே தேடட்டும். அன்றிரவு அது, “அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று கேட்குமாயின், நன்றி என்ற சொல்லை நாம் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. நற்கருணைக்குரிய கிரேக்கப் பெயரே நன்றி கூறுதல் எனப் பொருள்படும். அத்திருப்பந்தியில் அமரவிருக்கும் பிள்ளைக்கு, வீட்டின் உணவு மேசையே முதற்பள்ளி.