ஓரத்தில் ஒரு கை

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஏழெட்டு மாதக் குழந்தை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அநேகமாக இருக்கும். ஜோராக நிற்கும். அந்த வயசில் எப்படி இவ்வளவு ஜோராக நிற்கிறது என்று கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், இடுப்புக்குப் பின்னால் நாலு விரல் தெரியும். இரண்டு கண்ணாடி வளையல், புடவைத் தலைப்பில் ஒரு துண்டு. முகம் இருக்காது. அம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகக்கூட இருக்கலாம். போட்டோகிராபர் மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல் போன கை அது.

என்னைக் கேட்டால், அந்தப் படத்தில் அந்தக் கைதான் விசேஷம். இன்றைக்கு நாம் செல்போனில் எடுத்து, 'க்ராப்' பண்ணி, அழகுபடுத்தி அனுப்புகிற குழந்தைப் படங்களில் முதலில் காணாமல் போவதும் அதுதான். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் வெட்டித் தள்ளுகிற இந்தப் பழக்கத்தின் மேல்தான் எனக்குப் புகார்.

கையை மறைப்பது புதுசில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு போட்டோ பதிவாகப் பல விநாடிகள் ஆகும். பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். குழந்தை உட்காருமா? அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு சேர்த்து ஒரு பெரிய துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். அவள் மடியில் குழந்தை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ திரைச்சீலை மாதிரி இருக்கும். பிறகு படத்துக்கு ஓவல் வடிவத்தில் ஓட்டை போட்ட அட்டைச் சட்டம் மாட்டினால் துணியும் மறைந்துவிடும். குழந்தை மட்டும் ராஜா மாதிரி தனியே வீற்றிருக்கும்.

இந்த மாதிரிப் படங்களுக்கு 'மறைந்திருக்கும் அம்மா' என்றே ஆங்கிலத்தில் பெயர் வந்துவிட்டது. லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் என்ற கலைஞர் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 2013-ல் வெனிஸ் பினாலேயில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வரிசையாக வைத்துக் காட்டினார். தனியாக ஒன்றைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஏதோ பேய்ப் படம் மாதிரி இருக்கும். நூற்றுக்கணக்கில் சேர்ந்து பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடும். இத்தனை பெண்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சட்டத்தைக் கழற்றினால்தான் அவர்கள் இருந்ததே தெரிகிறது.

நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. ஜடையில் பூ வைத்துத் தைத்த பெண் குழந்தையை எப்படி எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? முன்னால் முகம், பின்னால் ஜடை. ஒரு படத்தில் இரண்டும் எப்படி வரும்? பின்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடியை வைத்தார்கள். முகமும் வந்தது, மணிக்கணக்கில் அந்த ஜடையைத் தைத்தவளின் உழைப்பும் வந்தது. ஃப்ரேமுக்குள் எதை விடுவது என்று தவிக்காமல், எதையெல்லாம் சேர்க்கலாம் என்று யோசித்த மூளை அது. கம்போஸிஷன் என்று வகுப்பெடுப்பவர்கள் அந்தப் பெயர் தெரியாத ஆளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

இன்றைக்கு வருவோம். 2016-ல் ஐபோன் 7 ப்ளஸ்ஸில் 'போர்ட்ரெய்ட் மோட்' வந்தது. பிறகு மற்ற போன்களுக்கும் பரவியது. முகம் பளிச்சென்று இருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் பாலாடை மாதிரி கலங்கிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது பின்னணி என்று முடிவு பண்ணுவது மென்பொருள். அதற்குக் கிழிந்த திரைச்சீலையும் ஒன்றுதான், இரண்டடி பின்னால் சோற்றுக் கிண்ணத்தோடு நிற்கிற பாட்டியும் ஒன்றுதான். பாட்டி கலங்கிப்போவாள். அப்புறம் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டைக் கறை என்று நினைத்து ஒரு தட்டு தட்டி அழிப்பார்கள். பொட்டு வைத்தவளும் போச்சு, பொட்டும் போச்சு.

நீங்களாக வெட்டாவிட்டாலும் பிரிண்ட் போடும் இடத்தில் வெட்டு விழும். காமர்ஸ் படித்த புத்தி, கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செல்போன் படம் பெரும்பாலும் 3-க்கு 4 என்ற அளவில் இருக்கிறது. 4-க்கு 6 பிரிண்ட் என்பது 2-க்கு 3. நெட்டுக்குத்தாக எடுத்த படத்தை அதில் முழுசாக நிரப்பினால், அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். அதாவது இரண்டு ஓரங்கள். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் எங்கே நிற்பார்? ஓரத்தில்தான். பழைய 35 மி.மீ. ஃபிலிமில் வேறு மாதிரி நஷ்டம். அந்த நெகட்டிவ் முழுசாக வர 8-க்கு 12 வேண்டும். நாம் 8-க்கு 10 போடச் சொல்வோம். நீளத்தில் இரண்டு அங்குலம் காலி. நிற்கிற பிள்ளைக்குத் தலையோ பாதமோ போகும்.

ஆனால் ஃபிலிம் காலத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. வெட்டியது பேப்பரில் மட்டும்தான், நெகட்டிவ் முழுசாக டிரங்குப் பெட்டியில் தூங்கும். இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவது வெட்டிய படத்தை. மூன்று வருஷத்தில் போனை மாற்றும்போது முழுப் படம் தொலைந்துபோக, சித்தப்பா வீட்டில், மாமா வீட்டில் மிஞ்சுவது அந்த வெட்டிய முகம்தான்.

பெரிய கலைஞர்களும் இந்த ஆசைக்கு ஆளானவர்கள்தான். டோரதியா லாங்கே 1936-ல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிக்காரர்களின் முகாமில் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' படம் உலகப் பிரசித்தம். கவலை தோய்ந்த தாயின் முகம், மடியில் கைக்குழந்தை, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள். அந்தப் படத்தின் வலது கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு கையின் கட்டைவிரல் இருந்தது. அது உறுத்துகிறது என்று லாங்கே பிற்பாடு நெகட்டிவிலேயே அழிக்க வைத்தார். அவரை வேலைக்கு அனுப்பிய அரசுத் துறையின் ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கை வைக்கலாமா என்பது அவர் கட்சி. என் ஓட்டும் ஸ்ட்ரைக்கருக்குத்தான். அந்த விரல் ஒன்றும் படத்தைக் கெடுக்கவில்லை. சாய்ந்துவிடக்கூடிய ஒரு கூரையை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சொந்தப் பிள்ளைகளை எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது யூஜின் ஸ்மித் எடுத்தது. 1945-ல் ஓகினாவா போர்முனையில் படமெடுக்கப் போய்க் குண்டடிபட்டு, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு 1946-ல் மறுபடி காமிராவைத் தொட்டபோது எடுத்தது. மகனும் மகளும் மரங்களின் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து போகிறார்கள். முதுகுதான் தெரிகிறது. முகமே கிடையாது! ஸ்டைக்கன் 1955-ல் நியூயார்க்கில் நடத்திய 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' கண்காட்சிக்கு இதுதான் நிறைவுப் படம். நம் ஆட்களில் யாராவது கையில் இது கிடைத்திருந்தால், சுற்றியிருக்கும் கறுப்பு இலைகளை வெட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பெரிசாக்கியிருப்பார்கள். அப்படிச் செய்தால் மிஞ்சுவது இரண்டு முதுகு. அந்த இருட்டு இருப்பதால்தான் அவர்கள் எதிலிருந்து வெளியே வருகிறார்கள் என்பது தெரிகிறது.

அதற்காக வெட்டவே கூடாதா என்று கேட்டால், தாராளமாக வெட்டலாம். வெட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. மணிக்கட்டில், முழங்காலில், கணுக்காலில் வெட்டாதீர்கள்; உறுப்பை அறுத்த மாதிரி இருக்கும். மூட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வெட்டுங்கள். பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். உச்சந்தலை கொஞ்சம் போனால் பரவாயில்லை, மோவாய் போகக் கூடாது. நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காமல் மண்டி போட்டு எடுங்கள். பாதி வெட்டு தேவைப்படாது. ஊருக்கெல்லாம் அனுப்புவதானால் ஸ்கூல் பேட்ஜையும் வீட்டுக் கதவு நம்பரையும் வெட்டியே ஆக வேண்டும். குளிக்கிற படத்தை அனுப்பாமலே இருப்பது உத்தமம். பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை நம்மைக் கேள்வி கேட்கும்.

ஆனால் ஆட்களை வெட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1765 வாக்கில் வரைந்த ஒரு குடும்ப ஓவியம் பெர்லின் கெமால்டெகலரியில் இருக்கிறது. நம்ம ராபர்ட் கிளைவின் உறவினரான ஜார்ஜ் கிளைவ், மனைவி, சின்ன மகள். குழந்தையைத் தாங்கிப் பிடித்திருப்பது ஒரு இந்தியப் பணிப்பெண். அவளை ரெனால்ட்ஸ் வெட்டவில்லை, முகத்தோடு வரைந்திருக்கிறார். அந்த மட்டும் நல்லது. ஆனால் ஓவியத்தின் தலைப்பில் ஜார்ஜ் கிளைவுக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்கு 'இந்தியப் பணிப்பெண்' என்பதுதான் பெயர்.

இருநூற்று ஐம்பது வருஷம் கழித்து நம் வீட்டுப் பிறந்தநாளில் என்ன நடக்கிறது? நாள் முழுக்கப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஆயாவை, போட்டோ என்று வந்ததும், "கொஞ்சம் நகந்துக்கம்மா, ஃப்ரேம்ல வர்றே" என்கிறோம். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்து போகிறார். பிள்ளை அவர் பக்கம் திரும்பி அழுகிறது. "இங்க பாரு, இங்க பாரு, காக்கா பாரு!" என்று நாம் கத்துகிறோம். குழந்தை பார்க்க விரும்புவது யாரை என்று காமிராவுக்குத் தெரியாமல் போகலாம். எடுக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

பாஸ்போர்ட் படத்துக்கு விதி இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தாலும் தனியாகத்தான் இருக்க வேண்டும், பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. நியாயம்தான். எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு வேண்டியது முகம். வீட்டு ஆல்பத்துக்கு அந்த விதி எதற்கு? அந்த முகம் எப்படியும் மாறிக்கொண்டே இருக்கப்போகிறது. இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை ஆல்பத்தைப் புரட்டும்போது, தன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துவிட்டு, "இது யாரு கை?" என்றுதான் கேட்கும்.

அதனால் அடுத்த முறை பிரிண்ட் போடும்போது ஓரத்தை விட்டுவையுங்கள். பின்பக்கம் பேனாவால் ஒரு பெயர் எழுதுங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். கைக்குச் சொந்தக்காரரின் பெயரை எழுதுங்கள்.