அளக்கும் வட்டமும் அமைக்கும் வட்டமும்: தமிழில் பொறியியல் வரைபட விளக்கம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழரின் பொறியியலறிவைப் பேசும் கட்டுரைகளில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறும் வட்ட விதி சான்றாகக் காட்டப்படுவதுண்டு. சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும் என்னும் அவ்விதி பிழையற்றது. எனினும், அது முன்னரே அமைந்த வட்டத்தை அளப்பதற்குரியது. மையம் அறியப்படாத வட்டத்தை அமைப்பது வேறு வகை அறிவு. முன்னதைப் பின்னதற்குச் சான்றாக்குதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மூன்று நிபந்தனைகள்

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் எனக் கார் ஆலைகள் இயங்கத் தொடங்கிய திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் வரைபடம் வரைவோர்க்கு வேண்டுவது பின்னதே. ஒரு வட்டத்தை வரையறுக்க மூன்று நிபந்தனைகள் தேவை. உடைந்த கப்பியின் எஞ்சிய விளிம்பில் மூன்று புள்ளிகளைக் குறித்து, இரு நாண்களின் மையக்குத்துக்கோடுகளை வரைந்தால் அவை வெட்டுமிடம் மையமாகும். அப்புள்ளிகள் நெருங்கியிருப்பின், சிறு அளவுப்பிழையும் மையத்தைப் பெரிதும் நகர்த்திவிடும். தகட்டின் மூலையை வளைவாக்கும்போது இரு தொடுகோடுகளும் ஆரமும் தரப்படுகின்றன. விளிம்புகளிலிருந்து ஆரத்தின் தொலைவில் வரையும் இணைகோடுகள் வெட்டுமிடத்தில் மையம் அமையும். விளிம்புகளை இருபுறமும் நீட்டினால் அத்தகைய வட்டங்கள் நான்கு. மூலைக்கு உரியது ஒன்றே.

பாடநூல் நடை

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழிக் கணிதநூல் சுற்றுவட்டம், உள்வட்டம் ஆகியவற்றை வரையும் முறையைத் தெளிவான கலைச்சொற்களால் தருகிறது. ஆகவே, சொற்பஞ்சம் என்னும் குறை இங்கு எழாது. ஆயின், முக்கோணத்திலிருந்து தொடங்குவதால் அங்கு உள்வட்டம் ஒன்றே விடையாகத் தோன்றுகிறது. ஒன்றையொன்று வெவ்வேறு இடங்களில் வெட்டும் மூன்று நேர்கோடுகளிலிருந்து தொடங்கினால், வெளிவட்டங்கள் மூன்றும் சேர்ந்து விடைகள் நான்காகும். மூன்று வட்டங்களைத் தொடும் வட்டம் காணும் அப்பல்லோனியசின் கணக்கிற்கு எட்டு விடைகள் வரை உண்டு. செய்முறைப் படிகளை மட்டும் கற்றவர்க்கு இப்பன்மை புலப்படாது.

கணினி வரைபடத்திலும் இக்கேள்வி நீங்குவதில்லை. ஆட்டோகேடில் இரு தொடுகோடுகளும் ஆரமும் கொடுத்து வட்டம் வரைகையில், கோடுகளை எவ்விடத்தில் சொடுக்குகிறோமோ அதற்கேற்பவே வட்டம் தேர்வாகிறது. காரணம் அறியாதவர்க்கு அது தற்செயலாகவே தோன்றும்.

முடிவுரை

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இத்தகைய கல்விக்கான உரைநடை, தரப்பட்ட நிபந்தனைகள் எவை, விடைகள் எத்தனை, அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்குக் காரணம் யாது என்னும் மூன்றையும் கூறுதல் வேண்டும். பழஞ்சுவடியின் பெருமையைச் சுட்டுவதால் இக்கடமை நிறைவேறாது.