கதவடைத்துத் தின்ற கீரை

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஓர் அடுக்களையைக் காட்டுகிறார். கூரை இற்றுச் சரிந்து கிடக்கிறது. கண் திறக்காத குட்டிகள் முலையை இழுக்க, ஈன்ற நாய் பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பார்க்கிறவர்கள் பழித்துப் பேசுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள். புறநானூறு 159இல் பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கும் குப்பைக்கீரைதான், உப்பில்லாத வேக்காடுதான்.

நம் தமிழ் வகுப்பறைகள் இதற்கு 'வறுமை வருணனை' என்று பெயர் வைத்துவிட்டு வள்ளலின் கொடைக்குத் தாவிவிடுகின்றன. அந்தக் கதவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதைச் சாத்தவைத்தது பசி இல்லை, பார்வை. இந்தக் கீரையைத் தின்பது கேவலம் என்று சொல்லும் ஒரு கண் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அது யாருடைய கண்? இந்தப் பிரதியிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

நத்தத்தனார் பாடிய எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்தை ஒட்டியது என்பார்கள். அங்கிருந்து வடக்கே மாமல்லபுரம், அதற்கும் வடக்கே சிறுசேரி. சிப்காட்டின் கணினி நிறுவனக் கட்டடங்களைத் தாண்டி ஒரு தோட்டம். காலையில் மண்ணின் செடிகளைப் பார்க்கும் நடை, மதியம் அந்தச் செடிகளிலேயே சமைத்த விருந்து. கட்டணம் கட்டிப் பெயர் கொடுத்தவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். நானும் போயிருந்தேன். மூக்கிரட்டை, சாரணை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, முடக்கத்தான், கோவை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்துக் கணக்கைச் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை. சாரணைக்கு இலை தடிப்பு, மூக்கிரட்டைக்கு இலையின் அடி வெளுப்பு என்று வித்தியாசம் காட்டியது நல்ல பாடம். சாப்பாடும் ருசிதான்.

ஆனா இதெல்லாம் யாரு கத்துக்குடுத்தது? 'நம் முன்னோர்', 'பாட்டி வைத்தியம்', 'மறந்துபோன மரபு' என்றார்கள். எந்த முன்னோர்? மறந்தது யாரு? எங்க ஆயா மறக்கலையே. களையெடுத்துட்டு வரும்போது மடி நிறைய ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கொண்டாரும். ராத்திரி கேழ்வரகுக் களிக்கு அதுதான் குழம்பு. ரெண்டு கருவாட்டுத் தலை விழுந்தா அன்னிக்கு விருந்து. வரப்புக்காரர் மறித்துநின்று, "இன்னாடி மடியில, அவுத்துக் காட்டு" என்று உதறவைத்த நாளும் உண்டு. களையைப் பிடுங்கினால் கூலி. பிடுங்கிய களையை வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு. 'கீரைதின்னி' என்று ஊர்ப் பிள்ளைகள் சிரித்ததால், பள்ளிக்கூடத்தில் நாங்கள் தூக்குச்சட்டியை மூடியால் மறைத்துக்கொண்டே தின்றோம். கிணைமகள் சாத்திய கதவு எங்கள் தூக்குச்சட்டி மூடிவரைக்கும் வந்திருக்கிறது.

இப்போது அந்தக் கதவைத் திறந்துவைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். திறந்தபின்னும் உள்ளே ஒரு சாதித் தேர்வு நடக்கிறது. இலைக்குக் கீரை வரும். அதே வயலிலிருந்து அதே மடியில் வந்த நத்தையும் நண்டும் வராது. இருளர்கள் வளை தோண்டிப் பிடிக்கிற வயல் எலி வராது. மாட்டுக்கறி, பேச்சே எடுக்கக்கூடாது. உண்ணத்தகுந்தது எது என்பதைத் தாவரவியல் தீர்மானிக்கவில்லை, சைவ நாக்கின் பொதுப்புத்தி தீர்மானிக்கிறது. மராத்தியில் ஷாஹூ பாடோளே 2015இல் தலித் உணவுபற்றி எழுதிய நூலுக்கு 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று பெயர் வைத்தார். அன்னம் பூரண பிரம்மம் என்கிற வழக்கை அப்படியே கவிழ்த்த தலைப்பு. எங்கள் சட்டியை விட்டுவிட்டு எழுதிய சமையல் பூரணமாகாது என்றே இதை நான் வாசிக்கிறேன். சிறுசேரி வாழையிலைக்கும் அது பொருந்தும்.

இதற்கு மாறான நடப்பும் உண்டு. 'பர்காட்டன் கிரீன்ஸ்' என்ற பெயரில் நகரங்களில் களைக்கீரை நடை நடத்திவரும் ஸ்ருதி தரயில், தெலங்கானாவின் தலித் பெண்களிடமிருந்து இதைக் கற்றதாக வெளிப்படையாகச் சொல்கிறார். அதே தெலங்கானாவின் சகீராபாத் வட்டாரத்தில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண் விவசாயிகள் சங்கங்களாகத் திரண்டு, விதைக்காமல் முளைக்கும் கீரையையும் உணவாகக் கணக்கில் வைக்கவேண்டும் என்று பேசியிருக்கிறார்கள். நம் செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தில், மூலிகை அறிவு அந்தப் பெண்கள் கையிலேயே இருக்கிறது. கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொல்வது முதல் படி. தோட்டம் யாருக்குச் சொந்தம் என்பது அடுத்த படி.

கீரை அந்தரத்தில் முளைப்பதில்லை. நிலமில்லாதவர்களுக்கு ஏரிக்கரையும் மேய்க்காலும் புறம்போக்கும்தான் தோட்டம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைபற்றி அறிக்கை எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். கைமாறிப்போன அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். சிறுசேரியிலிருந்து எட்டிவிடும் தூரத்து வரலாறு இது. பிறகு மனைப்பிரிவு வந்தது, சுற்றுச்சுவர் வந்தது, மிச்ச வயலுக்குக் களைக்கொல்லி வந்தது. இப்ப ஆயாவே உயிரோட இருந்தாலும் குனிஞ்சு பறிக்க எடம் எங்க? மண்ணின் செடியைக் கொண்டாடும் கதையாடல் மண்ணைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது தற்செயல் இல்லை.

எல்லாரும் பழையபடி குப்பைமேட்டுக்குப் போவோம் என்று நான் சொல்லவரவில்லை. வறுமையை மரபாக்கி விற்பது நம் வேலை அல்ல. நடை நடக்கட்டும். முன்னால் நடந்து சொல்லிக்கொடுக்கும் இடத்தில் களையெடுக்கிற பெண்கள் நிற்கட்டும். அவங்களுக்கு நாள்கூலி இல்ல, வாத்தியார் சம்பளம் குடுங்க. இலையில் நத்தையும் வரட்டும். மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையை நல்லியக்கோடனின் கொடையிலிருந்து தொடங்காமல் அந்த அடுக்களையிலிருந்து வாசியுங்கள். அப்படியே கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், உங்க ஊர்ப் பஞ்சமி நிலம் இப்ப யார் பேருல இருக்குன்னு 'அ' பதிவேட்டைப் பார்த்துட்டு வாங்க.