படம் முதலில் வரட்டும்

தமிழ்நாட்டில் கணினிப் பொறியியல் படித்த பலருக்கும் ‘பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம்’ நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பல ஆண்டுகள் இருந்த ஆய்வகப் பயிற்சி அது. யூஸ் கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ் என்று மென்பொருளின் அமைப்பைக் காட்டும் யூ.எம்.எல். படங்களை வரிசையாக வரைய வேண்டும். நான் படித்த கல்லூரியில் அவற்றைச் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே வரைந்தோம். நிரல் முன்பே ஓடிக்கொண்டிருக்கும். படம் வைவாவுக்கு முந்தின இரவில் வரும். விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று நேரில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

இலங்கையில் இந்தப் பயிற்சி பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் எஸ்.எஸ்.ஏ.டி.எம். இருக்கிறது, 1980களில் பிரிட்டன் அரசு தன் கணினித் திட்டங்களை அலசி வடிவமைக்க உருவாக்கிய முறை. பழைய முறைதான். ஆனாலும் ஒரு தகவல் எங்கிருந்து வருகிறது, யார் கையில் மாறுகிறது, எங்கே சேர்கிறது என்பதைத் தமிழ் மொழிமூல மாணவர் தமிழிலேயே யோசித்து வரைகிறார். இதை நான் பெரிய பேறாக நினைக்கிறேன். இப்படி வரையும் படம்தான் மாதிரி (மாடல்); ஒரு தொழிலை நாம் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதை அது காட்டுகிறது. புரிதல் தாய்மொழியில் நடந்தால் கேள்விகள் கூச்சமின்றி வரும்.

தொழில்துறையில் இரு நாடுகளும் வேறு வேறு வழியில் போயிருக்கின்றன. டாட்டா குழுமத்தின் டி.சி.எஸ். நிறுவனம் 1981இல் புனேயில் தொடங்கிய ஆய்வு மையத்தில் ‘மாஸ்டர்கிராஃப்ட்’ என்ற கருவி உருவானது. திரை, தொழில் விதி, தரவு மூன்றையும் மாதிரியாக எழுதிக் கொடுத்தால் நிரலின் பெரும்பகுதியைக் கருவியே எழுதிவிடும். வங்கி, காப்பீட்டு மென்பொருள்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடுபவை. அதற்குள் கணினிமொழியும் தளமும் மாறிவிடும். மாதிரி கையில் இருந்தால் புதிய தளத்துக்கு நிரலை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் திட்டத்தில் எல்லாருடைய நிரலும் ஒரே அச்சில் வருவது இன்னொரு லாபம். ஒரு மாதிரியை இன்னொன்றாக மாற்றும் க்யூ.வி.டி. என்ற பன்னாட்டுத் தர விதியை வகுத்தவர்களில் டி.சி.எஸ்.ஸும் உண்டு. இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. உருவாக்கும் கருவியைப் பராமரிக்கவே தனி அணி வேண்டும். சிறிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது.

கொழும்பில் 2005இல் சஞ்சீவ வீரவரணவும் பால் ஃப்ரீமேன்டிலும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் ‘பாலரினா’ என்ற நிரல்மொழியை வெளியிட்டது. அதன் அடித்தளமே சீக்வென்ஸ் படம்தான். ஒரு சேவை இன்னொன்றை அழைப்பது, பதிலுக்குக் காத்திருப்பது, இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பது எல்லாம் எழுதும்போதே படமாகத் தெரியும். நிரலைத் திருத்தினால் படமும் திருந்தும். ஆகவே படம் பழசாகிப்போக வழியே இல்லை. செய்திகள் ஓடும் பாதையை மட்டும்தான் அது காட்டும். வங்கியில் ‘கணக்கு’ என்றால் என்ன, ‘வாடிக்கையாளர்’ யார் என்பதை அந்தப் படத்தில் தேட முடியாது. அந்த ஆழம் புனே முறையில் இருக்கிறது.

ஆயினும் ஐந்தாறு பேர் கொண்ட அணிக்கு எது என்று கேட்டால், கொழும்பு வழியையே சொல்வேன். நிரலோடு சேர்ந்து மாறாத படத்தை மூன்றாம் மாதத்தில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இரு கரையிலும் உள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களைத் தெருமுனை ரேஷன் கடைக்கோ கூட்டுறவுக் கடைக்கோ ஒரு நாள் அனுப்புங்கள். அங்கே பார்த்ததை வரைந்து வந்த பிறகே கணினியைத் திறக்க விடுங்கள். நிரல் மாறும்போதெல்லாம் படத்தையும் திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அந்தத் திருத்தங்களுக்குக் கொடுங்கள்.