கட்சி என்கிற கட்டம்: பெரம்பலூர், அரியலூர் தேர்தல் அட்டவணைகளைப் படிப்பது பற்றி

ஒரு வரலாற்று நூல் கையில் கிடைத்தால் யார் எழுதியது, எதை விட்டுவிட்டார் என்று கேட்கிறோம். தொகுதிவாரித் தேர்தல் முடிவு அட்டவணையிடம் மட்டும் அப்படி எதுவும் கேட்பதில்லை. எண்கள்தானே, அதில் என்ன கருத்து இருக்கப் போகிறது என்ற நினைப்பு. தேர்தல் நெருங்கினால் போதும், ‘இந்தத் தொகுதி இன்ன கட்சியின் கோட்டை’ என்று நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் அடித்துச் சொல்வார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்த்தா, பழைய அட்டவணையில் ‘கட்சி’ என்று தலைப்பிட்ட கட்டத்தை மேலிருந்து கீழே எண்ணியிருப்பார்கள். அவ்வளவுதான்.

அந்த எண்ணிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அரியலூர், 2021. தேர்தல் ஆணையத்தின் அட்டவணைப்படி வென்றவர் கு. சின்னப்பா, கட்சி தி.மு.க. தொகுதியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அவர் ம.தி.மு.க.காரர் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தேர்தலில் ம.தி.மு.க. போட்டியிட்டது ஆறு இடங்களில். ஆறிலும் உதயசூரியன் சின்னம்தான். வென்ற நான்கு பேரும் அட்டவணையில் தி.மு.க. ஆகிவிட்டார்கள். தி.மு.க. 133 இடங்கள் என்று எழுதுகிறோமே, அதில் கூட்டணிக் கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் அடக்கம்.

அட்டவணை பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி அது சரி. ஒரு அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் சின்னம் வேண்டுமானால், அந்தக் கட்சி தன் வேட்பாளர் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்படி நின்று வென்றவர் சபையின் கணக்கில் அந்தக் கட்சியின் உறுப்பினர்தான். அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவு அவரையும் கட்டுப்படுத்தும். ஆக, ‘கட்சி’ என்று தலைப்பிட்ட கட்டத்தில் உண்மையில் பதிவாவது சின்னம். தலைப்பு ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறொன்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ம.தி.மு.க. 1994இல் தி.மு.க.விலிருந்து பிரிந்து பிறந்த கட்சி. 2016இல் மக்கள் நலக் கூட்டணியில் நின்று தி.மு.க.வை எதிர்த்தது. அந்த ஆண்டு அட்டவணையில் அதற்குத் தனிப் பெயர், தனி வாக்குக் கணக்கு எல்லாம் உண்டு. 2021 அட்டவணையில் ஆளையே காணோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ம.தி.மு.க. கரைந்தது, தி.மு.க. வளர்ந்தது’ என்று ஒருவர் கட்டுரை எழுதினால், அட்டவணை அவரைத் தடுக்காது. 2016இல் அரியலூரில் தி.மு.க. தோற்றது ஏறத்தாழ 2 ஆயிரம் வாக்கில். 2021இல் உதயசூரியன் ஜெயித்தது 3 ஆயிரத்துச் சொச்சம் வாக்கில். இவ்வளவு நெருக்கமான போட்டியில் சிறிய கட்சி கொண்டுவந்து சேர்த்த வாக்கு எவ்வளவு என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்கு விடை தேட ஒரு தடயம்கூட அட்டவணையில் மிச்சமில்லை.

மக்களவை அட்டவணையிலும் இதே கதைதான். பெரம்பலூரில் 2019இல் வென்றவர் பாரிவேந்தர். இந்திய ஜனநாயகக் கட்சியின் நிறுவனர், நின்றது உதயசூரியனில். 2024இல் அதே தொகுதியில் தாமரையில் நின்று தோற்றார். அட்டவணையை மட்டும் படிக்கிற ஒரு மாணவர், இவர் தி.மு.க.விலிருந்து பா.ஜ.க.வுக்குத் தாவியவர் என்று முடிவு கட்டலாம். இரண்டு முறையும் அவர் தன் கட்சியோடுதான் இருந்தார், மாறியது கூட்டணியும் சின்னமும்.

சரி, பழைய அட்டவணைகளாவது தெளிவா இருக்குமா? 1957க்குப் போவோம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டம். அதே மாவட்டத்தின் குளித்தலையில் அந்த ஆண்டு முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர் மு. கருணாநிதி. ஆணையத்தின் அட்டவணையில் அவர் கட்சி என்ன தெரியுமா? சுயேச்சை. காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாவும் சுயேச்சைதான். அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் கிடையாது. அதனால் வென்ற 15 பேரும் ‘சுயேச்சை’ என்ற பெரிய கூடைக்குள் போய்விட்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர், காங்கிரசில் இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு நின்றவர், கொள்கையோடு கட்சி கட்டியவர், எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர். பத்தே ஆண்டில், 1967இல், ஆட்சியைப் பிடித்த ஒரு இயக்கம் சட்டமன்றத்துக்குள் நுழைந்த நாளை அந்த அட்டவணையை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

1957இல் தி.மு.க.வை மறைத்த அதே கட்டம் 2021இல் ம.தி.மு.க.வை மறைக்கிறது. இரண்டு இடத்திலும் அடிபடுவது சிறிய கட்சி, அங்கீகாரம் இல்லாத கட்சி. பெரிய கட்சியின் வரலாறு தானாகவே பதிவாகிவிடும். சிறிய கட்சிக்கு யாராவது அடிக்குறிப்பு போட்டால்தான் உண்டு.

அடுத்து ‘தொகுதி’ என்கிற கட்டம். பெயர் அதே பெயராக இருந்தால் நிலமும் அதே நிலம் என்று நினைத்துவிடுகிறோம். 2006 வரை இந்த வட்டாரத்தில் பெரம்பலூர், வரகூர், அரியலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். 2008 மறுவரையறையில் வரகூரும் ஆண்டிமடமும் காணாமல் போய், குன்னம் புதிதாக வந்தது. ஐந்து நான்கானது. ஊர்கள் எங்கேயும் போகவில்லை, வேறு பெயருக்குள் பிரித்து வைக்கப்பட்டன, அவ்வளவே. ஆக, 2006 ‘அரியலூர்’ வரிசையையும் 2011 ‘அரியலூர்’ வரிசையையும் ஒரே கோட்டில் இழுப்பது, பாகம் பிரித்த பிறகும் பழைய பட்டாவை வைத்துக்கொண்டு விளைச்சல் கணக்குப் போடுகிற மாதிரி.

சா.சி. சிவசங்கரின் தேர்தல் வரலாற்றைப் பாருங்கள். 2006இல் ஆண்டிமடத்தில் வெற்றி, 2011இல் குன்னத்தில் வெற்றி, 2016இல் அரியலூரில் தோல்வி, 2021இல் மறுபடி குன்னத்தில் வெற்றி. தொகுதிவாரி அட்டவணையில் இவர் மூன்று வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடப்பார். ஊர் ஊராகத் தேடுபவருக்கு வெளியூர் ஆள் மாதிரித் தெரியும். இதே ஆண்டிமடத்தில்தான் அவர் தந்தை எஸ். சிவசுப்பிரமணியன் 1989இல் வென்றார். பா.ம.க.வின் காடுவெட்டி குருவும் அப்படித்தான், 2001இல் ஆண்டிமடம், 2011இல் ஜெயங்கொண்டம். அந்தத் தொடர்ச்சியை ஆண்டிமடத்துக்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் ஆண்டிமடம் 2006ஓடு முடிந்துபோன ஒரு பெயர்.

மாவட்டக் கட்டமும் சேர்ந்து குழப்பும். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மீண்டும் தனியானது. அதனால் 2001 தேர்தலில் அரியலூர் ஒரு மாவட்டம், 2006இல் இல்லை, 2011இல் மறுபடி மாவட்டம். ‘மாவட்டவாரியாக யாருக்கு எத்தனை இடம்’ என்று கூட்டுகிற மென்பொருளுக்கு இது தெரியுமா என்ன?

மக்களவையில் இன்னும் வேடிக்கை. இன்றைய பெரம்பலூர் மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்கள் ஒரே ஒரு பகுதிதான். மற்றவை குளித்தலை, லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர். குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்றும் சிதம்பரத்தோடு. 1996, 1999, 2004இல் ஆ. ராசா வென்ற பெரம்பலூர் தனித்தொகுதி. 2009இல் நெப்போலியன் வென்ற பெரம்பலூர் பொதுத்தொகுதி. எல்லையும் வேறு, யார் நிற்கலாம் என்பதும் வேறு. இவை எல்லாவற்றையும் 2019ஐயும் கூட்டி, ‘இத்தனை முறை தி.மு.க.’ என்று சொன்னால், கூட்டல் சரியாக இருக்கும். எதைக் கூட்டினோம் என்பதுதான் தெரியாது.

மூன்றாவது, முதல் இரண்டு தேர்தல்களின் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். 1952இல் சென்னை மாநிலத்தில் 375 இடங்களுக்கு 309 தொகுதிகள். அதில் 66 தொகுதிகளில் இரண்டிரண்டு உறுப்பினர். 1957இல் 205 இடங்களுக்கு 167 தொகுதிகள், 38 இரட்டை. அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. அதனால் பதிவான வாக்குகளின் எண்ணிக்கை வாக்களித்த ஆட்களைவிட அதிகமாக நிற்கும். அந்த எண்ணை அப்படியே எடுத்துப் பிற்கால வாக்குப்பதிவு சதவீதத்தோடு ஒப்பிடுவது தப்பான கணக்கு.

இதைவிட முக்கியமானது அந்த இரண்டாவது பெயர். பல தொகுப்புகளில் முதல் பெயர் மட்டும் ‘எம்.எல்.ஏ.’ மாதிரியும், தனி இடத்தில் வென்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் ஒட்டு மாதிரியும் கீழே வருவார். சில இடங்களில் வரவே மாட்டார். விதி அப்படி இல்லை. தனி இடத்துக்கு உரியவரைத் தீர்மானித்த பிறகு, பொது இடம் மீதியிருப்பவர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு. அவரும் தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியினராகவோ இருக்கலாம். 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் அந்த முடிவு செல்லும் என்றது. 1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் முறையையே ஒழித்தது. இவ்வளவு பெரிய அரசியல் நடந்த ஒரு கட்டத்தை ‘அ’, ‘ஆ’ என்று போட்டுக் கடந்துவிடுகிறோம்.

அப்ப அட்டவணையைத் தூக்கிப் போட்டுடலாமா? கூடாது. அது இல்லாமல் இந்தக் குறிப்பையே எழுத முடியாது. நான் கேட்பது மூன்று சின்னச் சேர்ப்புகள். கட்சிக்கு ஒரு கட்டம், சின்னத்துக்குத் தனியாக ஒரு கட்டம். மறுவரையறை நடந்த ஆண்டில் குறுக்கே ஒரு கோடு, அதற்கு மேலும் கீழும் எண்ணிக்கூட்டக் கூடாது என்று. இரட்டை உறுப்பினர் தொகுதியில் இரண்டு பெயர்களுக்கும் ஒரே அளவு இடம்.

இதைச் செய்ய ஆணையம் வர வேண்டாம். உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் உள்ள ஒருவர் தன் தொகுதிக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். 1957இல் யார் எந்தக் கட்சிக்காக நின்றார், 2008இல் தன் ஊர் எந்தத் தொகுதிக்குப் போனது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வரகூரிலும் ஆண்டிமடத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்காவிட்டால், கடைசியில் மிஞ்சப் போவது ‘சுயேச்சை’ என்ற அந்த ஒரு சொல்தான்.