சுருதிப் பெட்டியைத் திறந்தால்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாட்டு சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி பழகிய பொருள். பெங்களூரில் பொறியாளராகவும் புல்லாங்குழல் கலைஞராகவும் இருந்த ஜி. ராஜ் நாராயண் 1970களில் உருவாக்கியது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்த மூக் சிந்தசைசருக்கு இது உறவு. இரண்டிலும் ஒலி அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர்தான் உயிர்.

பழைய அனலாக் பெட்டியைப் பழுதுபார்ப்பது ரசிக்கத்தக்க வேலை. திருகைத் திருப்பினால் கரகரக்கிறதா? வால்யூம் கன்ட்ரோலின் கார்பன் தடத்தில் தூசி. கான்டாக்ட் கிளீனர் போதும். தட்டினால் பேசி, விட்டால் ஊமையாகிறதா? சர்க்யூட் பலகையின் அடிப்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு பாகத்தின் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையமாக விரிசல் இருக்கும். சால்டரிங் அயர்ன் பட்டதும் மங்கிய ஈயம் உருகிப் பளபளக்கும்.

சுருதித் திருகுக்குப் பதில் பத்துச் சுற்றுத் திருகு பொருத்தினால் இன்னும் நுணுக்கமாகச் சேர்க்கலாம். கடைசிப் பரீட்சை காதுக்குத்தான். சட்ஜமும் பஞ்சமமும் 2:3 விகிதத்தை நெருங்க நெருங்க, ஏறி இறங்கும் அலை மெதுவாகி அடங்கிவிடும். அந்தச் சுத்தத்தை எந்த மீட்டரையும்விடக் காது ரசித்துச் சொல்லும்.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒருமுறை திறந்து பாருங்கள்.