ரஷ்மோர் மலையும் ஒரு பல்செட்டும்

அக்கா மகனுக்கு அமெரிக்காவில், டென்வர் நகரத்தில் வேலை. அவனுடைய அப்பாவுக்கு, அதாவது என் அத்தானுக்கு, வருகிற டிசம்பரில் எழுபது வயது. பீமரத சாந்தியை ஊரிலேயே செய்துவிடலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "ஹோமப் புகையெல்லாம் அப்பாவுக்கு ஒத்துக்காதும்மா. டிக்கெட் போட்டுட்டேன், ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. அவருக்கு மறக்கவே முடியாத ஒரு ரோட் ட்ரிப் தர்றேன்" என்று பையன் முடித்துவிட்டான். முடித்த கையோடு ஓர் எக்ஸெல் ஷீட்டை எனக்கு அனுப்பி, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டிருந்தான்.

பிரமாதமாகத்தான் இருந்தது. ஐந்து நாள், மூன்று மாநிலம். பனி மூடிய கறுப்பு மலைகள், காலை ஏழு மணிக்கு பேட்லேண்ட்ஸில் சூரிய உதயம், பதினொன்றரைக்கு ரஷ்மோர் மலை. எங்கே காபி, எங்கே போட்டோ என்பதற்கெல்லாம் தனித்தனிக் கட்டம் போட்டிருந்தான். 'வ்யூ' என்றுகூட ஒரு கட்டம். அப்பாவுக்குத்தான் கட்டம் இல்லை.

இரண்டே விஷயம் பதில் எழுதினேன். ஒன்று, அவன் மூன்றாம் நாளில் சேர்த்திருந்த நீடில்ஸ் நெடுஞ்சாலையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொள். இரண்டு, கிளம்புவதற்கு முன்னால் 'நெப்ராஸ்கா' படத்தை ஒரு தடவை பார்த்துவிடு.

நீங்களும் பார்க்கலாம். அப்பா அம்மாவைக் காரில் ஏற்றி எங்கேயாவது கூட்டிப்போகிற உத்தேசம் இருந்தால் அவசியம் பாருங்கள்.

2013ல் வந்த படம். இயக்கியவர் அலெக்ஸாண்டர் பெய்ன். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்துக்காரர். கதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடக்கூடியது. மொன்டானாவில் பில்லிங்ஸ் என்ற ஊரில் வுடி கிராண்ட் என்று ஒரு கிழவர். குடிகாரர், பேச்சு குறைவு, ஞாபகம் வந்து வந்து போகிறது. 'உங்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு' என்று பத்திரிகைச் சந்தா விற்கிற கம்பெனிக்காரன் அனுப்பும் விளம்பரக் கடிதத்தை அப்படியே நம்பிவிடுகிறார். பரிசை வாங்க நெப்ராஸ்காவின் தலைநகர் லிங்கனுக்குப் போக வேண்டும். தூரம் ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். கார் ஓட்ட விடமாட்டேன் என்கிறார்கள். சரி என்று நடக்க ஆரம்பித்துவிடுகிறார். படத்தின் முதல் காட்சியே அதுதான். ஹைவே ஓரத்தில், குளிரில், கலைந்த தலையோடு தள்ளாடித் தள்ளாடி ஒரு மனிதர் நடந்து வருகிறார்.

சின்ன மகன் டேவிட் ஆடியோ சாமான்கள் விற்கிற கடையில் சேல்ஸ்மேன். பரிசு பொய் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும், சொல்லிப் பார்த்து அலுத்து, லீவு போட்டுவிட்டு அப்பாவைக் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை.

வழியில் டேவிட்டும் நம் அக்கா மகன் செய்கிறதைத்தான் செய்கிறான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ரஷ்மோர் மலையைக் காட்டிவிடுவோம் என்று காரைத் திருப்புகிறான். கிழவருக்கு இஷ்டமே இல்லை. வேண்டாவெறுப்பாக இறங்கி, நான்கு ஜனாதிபதிகளின் கல் முகங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலை முடிந்த மாதிரி தெரியவில்லையே என்கிறார். வாஷிங்டனுக்கு மட்டும் கொஞ்சம் சட்டை இருக்கிறது, லிங்கனுக்குக் காதைக் காணோம், செதுக்கினவனுக்குப் பாதியில் அலுத்துப் போயிருக்கும் என்று விமர்சனம் வேறு. தியேட்டரில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் யோசித்தேன், கிழவர் சொன்னது சரி. 1927ல் அந்த வேலை ஆரம்பித்தபோது இடுப்பு வரைக்கும் செதுக்குவதாகத்தான் திட்டம். சிற்பி கட்சன் போர்க்லம் 1941 மார்ச்சில் இறந்துபோனார். அந்த வருஷம் அக்டோபரோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். வருஷா வருஷம் லட்சக்கணக்கான பேர் வாய்பிளந்து பார்க்கிற மலை, பாதி வேலைதான். அதை உள்ளபடி பார்த்தவர், மறதிக்காரர் என்று வீட்டில் எல்லோரும் ஒதுக்கிவைத்த கிழவர்!

அன்று ராத்திரி அவர் குடித்துவிட்டு விழுந்து மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரி. போதாததற்குப் பல்செட்டைக் காணோம். அப்பாவும் மகனும் ரயில் தண்டவாளத்தில் குனிந்து குனிந்து தேடுகிறார்கள். மகன் ஒன்றைக் கண்டெடுத்து நீட்டினால், இது என்னுடையது இல்லை என்று கிழவர் முகத்தை மாற்றாமல் சொல்லி, அவன் நம்பினதும் திட்டுகிறார். அந்தப் பயணத்தில் முதல்முதலாக அவர் விளையாடுகிறார். ரஷ்மோரில் கிடைக்காத சந்தோஷம் ஜல்லிக் கல்லுக்கு நடுவில் கிடைக்கிறது. எந்த எக்ஸெலிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. கலரில் எடுக்கச் சொல்லி ஸ்டுடியோ தரப்பில் வற்புறுத்தினார்கள். பெய்ன் பிடிவாதமாக மறுத்துவிட்டார். நல்லவேளை. ஒளிப்பதிவாளர் ஃபீடன் பாபமைக்கேல் காட்டுகிற வயல்கள் அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கின்றன. வானம் சாம்பல். சாலை நேர்க்கோடு. கலரில் இருந்திருந்தால் கண் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும். இதில் வேறு வழியில்லாமல் காருக்குள்ளே இருக்கிற இரண்டு முகங்களைத்தான் பார்க்கிறோம். நம் ஊர்ப் படமாக இருந்தால் கார் நகர்ந்த இரண்டாவது நிமிஷம் ஒரு பாட்டு வந்திருக்கும். இங்கே மார்க் ஆர்ட்டனின் இசை அடக்கமாகக் கூடவே வருகிறது.

வுடியாக நடித்தவர் புரூஸ் டெர்ன். அப்போது அவருக்கு வயது 76. கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அவரைவிட எனக்குப் பிடித்தது மனைவியாக வருகிற ஜூன் ஸ்குவிப். எண்பதைத் தாண்டிய பாட்டி, வாயைத் திறந்தால் ஊர் மானம் கப்பலேறும்.

குறை இல்லாமல் இல்லை. சொந்த ஊரான ஹாத்தோர்னில் வருகிற உறவுக்காரர்களை, அதிலும் அந்த இரண்டு தடித்த அண்ணன் மகன்களை, பெய்ன் கொஞ்சம் மட்டமாகவே வைத்துச் சிரிக்கிறார். தன் மாநிலத்துக்காரர்களைக் கிண்டல் செய்ய அவருக்கு உரிமை உண்டுதான். ஆனால் சில இடங்களில் அது பட்டணத்துக்காரனின் சிரிப்பாகக் கேட்கிறது. டிவி முன்னால் பத்து ஆண்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற காட்சியை மட்டும் மன்னித்துவிடலாம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நேரில் பார்த்திருக்கிறேன்.

பெய்ன் இதற்கு முன் 2002ல் 'அபவுட் ஷ்மிட்' என்று ஒரு படம் எடுத்தார். அதிலும் ரிட்டயர் ஆன ஒருவர் ஒமாஹாவிலிருந்து டென்வருக்கு வண்டி ஓட்டிப் போவார். ஜாக் நிக்கல்சன் தனியாகப் போவார் என்பதால் அந்தப் பயணத்தில் அவரோடு தகராறு செய்ய ஆளில்லை. இதில் பக்கத்து சீட்டில் மகன் இருக்கிறான். அதுதான் வித்தியாசம்.

அந்தப் பத்து லட்சம் எதற்கு என்று மகன் கேட்கிறான். புதுசாக ஒரு டிரக்கும், ஒரு ஏர் கம்ப்ரெஸரும் வாங்கணுமாம். மிச்சம்? உங்களுக்கு ஏதாவது விட்டுவிட்டுப் போகணும் என்று முணுமுணுக்கிறார். வீட்டில் யாரும் அதற்கு முன்னால் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. லிங்கனில் பரிசு கிடைக்கவில்லை. 'வெற்றியாளர்' என்று எழுதிய தொப்பி கிடைக்கிறது. அதற்கப்புறம் டேவிட் என்ன செய்கிறான் என்பதைச் சொன்னால் நீங்கள் படம் பார்க்கமாட்டீர்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் கொஞ்சம் வெல்லம் தூக்கல்தான். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அக்கா மகன் படம் பார்த்தான். மறுநாள் அப்பாவுக்கு போன் போட்டு, "அப்பா, நீங்க எங்க போகணும்னு ஆசைப்படறீங்க?" என்று கேட்டிருக்கிறான். அத்தான் இரண்டு நாள் பதிலே சொல்லவில்லை. மூன்றாம் நாள், "நார்த் பிளாட்" என்றாராம்.

அத்தான் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ரிட்டயரானவர். ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே பிரேக் வேனில் உட்கார்ந்தே பாதி ஆயுசு போயிற்று. நெப்ராஸ்காவில், நார்த் பிளாட் என்ற சின்ன ஊரில், யூனியன் பசிபிக் கம்பெனியின் பெய்லி யார்டு இருக்கிறது. உலகத்திலேயே பெரிய ரயில்வே யார்டு. சுமார் பதின்மூன்று கிலோமீட்டர் நீளம். சரக்கு வேகன்களை மேடு ஏற்றி, ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, தானாக உருண்டு அதனதன் லைனுக்குப் போகவைப்பார்கள். மேலேயிருந்து வேடிக்கை பார்க்க எட்டு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரமும் கட்டியிருக்கிறார்கள். அத்தான் யூடியூபில் பார்த்து வைத்திருக்கிறார், அக்காவுக்குக்கூடத் தெரியாமல்.

"அங்க வ்யூவே இல்ல மாமா. சுத்திலும் தட்டையா கிடக்கு. டென்வர்லேர்ந்து நாலு மணி நேரம், அவ்வளவும் கூட்ஸ் வண்டி பார்க்கவா?" என்று பையன் என்னிடம் புலம்பினான். ஆனாலும் இரண்டாம் நாளை அழித்து எழுதியிருக்கிறான். ரஷ்மோரை மட்டும் இன்னும் எடுக்க மனசில்லை.

நேற்று அத்தான் என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்த நாலு தலை, யார்டுக்குப் போற வழியிலயா இருக்கு?" என்று கேட்டார். மேப்பைப் பார்த்துச் சொன்னேன். வழியில் இல்லை. டென்வரிலிருந்து அது வடக்கே, நார்த் பிளாட் வடகிழக்கே.